சிவப்புக் கோட்டுக்கு மேலே

மாமு,

நேற்று முன்தினம் தேரடிப் பக்கம் நடந்து வந்தபோது பஞ்சர் கடைக்காரன் கம்ப்ரசரை ஓடவிட்டிருந்தான். சூடேறிய எண்ணெய், ரப்பர், டீசல் புகை மூன்றும் கலந்த நெடி. நின்றுவிட்டேன். என் கை தானாக ஒரு விரலை எச்சிலில் நனைத்துத் தூக்கிப் பிடித்தது, காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்க்க. கடைக்காரன் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான். கீழே தண்ணீருக்குள் நீ இல்லை, மேலே நான் மட்டும் விரலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன் என்று எனக்கே புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நம்பர் மட்டும் தெரியும். பஸ் நம்பர், படகு நம்பர், போன் நம்பர். அதனால் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரிடம் உட்கார்ந்து இதைச் சொல்கிறேன். யார் பேருக்கு என்று கேட்டார். செத்துப்போனவருக்கு என்றேன். பேனாவை மூடிவைத்து என்னை ஒரு தரம் பார்த்தார், பிறகு மூடியைக் கழற்றினார். நான் பேசுகிற மாதிரியே எழுத அவருக்குக் கை வராதாம், எழுத்துத் தமிழில்தான் வருமாம். அப்படியே ஆகட்டும், மனிதர்கள் வாயால் பேசியதை மட்டும் பேசினபடி போடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். நீ பேசியதைத் திருத்த யாருக்கும் உரிமை கிடையாது.

உன் பெண்சாதி மல்லிகா எட்டு மாதமாக ஒன்றை நம்பிக்கொண்டிருந்தாள். உன் சாவுக்குத் தன் கைதான் காரணம் என்று. அவள் கை இல்லை. அதை உனக்குச் சொல்லத்தான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

முப்பது வருடம் நீ தண்ணீருக்குள்ளே, நான் தண்ணீருக்கு மேலே. காசிமேட்டில் விசைப்படகின் விசிறியில் வலை சுற்றிக்கொண்டால், நங்கூரம் அறுந்துபோனால், பழைய படகு ஒன்று முழுகிப்போனால் நம்மைத்தான் கூப்பிட்டார்கள். பஞ்சர் கடையில் இருப்பது போன்ற கம்ப்ரசர்தான் நம்முடையதும். அதிலிருந்து ஒரு நீள ஓஸ் பைப், அதன் நுனி உன் பற்களுக்கு நடுவில். உன் இடுப்பில் ஒரு கயிறு, அதன் மறுமுனை என் கையில். ஒரு முறை இழுத்தால் காற்று போதவில்லை, கூட்டு என்று அர்த்தம். இரண்டு முறை இழுத்தால் கயிற்றைத் தளர்த்த வேண்டும். மூன்று முறை என்றால் தூக்க வேண்டும். இதை நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நாம் இரண்டு பேரும் வைத்துக்கொண்டதுதான். கருப்பு எண்ணெய் மிதக்கும் அந்தத் தண்ணீரில் உன் கை உனக்கே தெரியாது. கயிறு ஒன்றுதான் உன் வாய். ஒரு இழுப்பு வந்தால் நான் யோசித்ததே கிடையாது. மேலே இருப்பவன் யோசிக்கிற நேரத்தில் கீழே இருப்பவன் செத்துப்போவான்.

ஒரு நாள் துளி காற்று இல்லை. துறைமுகத்தில் கட்டியிருந்த கொடி ஒன்றுகூட அசையவில்லை. கம்ப்ரசர் கக்கிய புகையைக் கம்ப்ரசரே உறிஞ்சி உனக்கு அனுப்பியிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. நீ மூன்று முறை இழுத்தாய். தூக்கிப் போட்டபோது கால் நிற்கவில்லை, வாந்தி எடுத்தாய், தலையைப் பிடித்துக்கொண்டு மல்லாந்து கிடந்தாய். ஒரு மணி நேரம் கழித்துத்தான் கண்ணைத் திறந்தாய்.

"இன்னா நைனா ஊத்துன எனக்கு? காத்துன்னு நெனச்சிக்கினு இருந்தேன், கிருஷ்ணாயிலு வந்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. மறுநாளே காற்று உறிஞ்சும் வாயில் ஒரு குழாயை மாட்டி, மூங்கில் கழியில் கட்டி, ஆள் உயரத்துக்கு மேலே தூக்கி வைத்தேன். விரலை நனைத்துப் பார்த்து, காற்று வரும் பக்கம் கழியைத் திருப்பி வைக்காமல் உன்னை இறக்கியதில்லை. அதற்கு முந்தைய வருடங்களில் எத்தனை நாள் அந்தப் புகையை உனக்குக் கொடுத்தேனோ, அதை எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

உன்னிடம் தொழில் கேட்டு வருகிறவர்களுக்கு நீ ஒன்றே ஒன்றைத்தான் சொல்வாய். "மூச்ச வாங்கறதுக்கு எவனும் கத்துக்குடுக்க வாணாம், அது தானா வரும். மேல வரும்போது வுட்டுக்கினே வா. வுடறதுதான் வேலை." பிடித்து வைத்துக்கொண்டு மேலே வந்தால் நெஞ்சு கிழிந்துவிடும் என்பது உனக்கு அனுபவத்தில் தெரியும். வாங்குவதைவிட விடுவது பெரிது என்று முப்பது வருடம் பக்கத்திலிருந்து கேட்டவன் நான். கேட்டு என்ன பிரயோஜனம்?

பிறகு உனக்கு மாடிப்படி ஏற முடியாமல் போனது. சுனாமி குவார்ட்டர்ஸில் இரண்டாவது மாடி. முதலில் பாதியில் ஒரு தடவை நின்றாய், அப்புறம் ஒவ்வொரு வளைவிலும், அப்புறம் ஐந்து படிக்கு ஒரு தடவை. தண்ணீருக்குள் அத்தனை நேரம் கிடந்த ஆள், கடற்காற்று அடிக்கிற மாடியில் நின்று காற்று இல்லை என்றாய். பெரியாஸ்பத்திரிக்கு நான்தான் கூட வந்தேன். நெஞ்சுப் பிரிவில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா. அவர் எக்ஸ்ரேயை வெளிச்சப் பலகையில் மாட்டி, பொறுமையாக நம் இருவருக்கும் சொன்னார். நமக்கு யாரும் அதுவரை அப்படி உட்காரவைத்துச் சொன்னதில்லை.

நுரையீரல் ஒரு பெரிய பலூன் என்று நீ நினைத்திருந்தாய். அப்படி இல்லை என்றார். உள்ளே போகும் குழாய் கிளைவிட்டு, கிளைவிட்டு, கடைசி நுனியில் திராட்சைக் கொத்து மாதிரி சின்னச் சின்னப் பைகள். கோடிக்கணக்கில். ஒவ்வொரு பையையும் சுற்றி முடியைவிட மெலிந்த ரத்தக் குழாய்கள். பைக்கும் ரத்தத்துக்கும் நடுவில் இருக்கும் சுவர் வெங்காயத்தின் உள் தோலைவிட மெல்லிசு. நாம் இழுக்கிற காற்றில் இருக்கும் ஆக்சிஜன் அந்தச் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குள் போகிறது. உடம்பு முழுக்க வேலை செய்து சேர்ந்த கரியமில வாயு ரத்தத்திலிருந்து பைக்குள் வருகிறது, மூச்சை விடும்போது வெளியே போகிறது. யார் தள்ளுகிறார்கள் என்று நீ கேட்டாய். யாரும் தள்ளுவதில்லை, எங்கே அதிகமோ அங்கிருந்து குறைவான பக்கத்துக்குத் தானாகப் போகும் என்றார்.

"கருவாடு மாதிரி" என்றாய் நீ. அவருக்குப் புரியவில்லை. "எங்க வூட்ல கருவாடு போடுவாங்க மேடம். உப்பு மீனுக்குள்ள போவும், மீனுல கீற தண்ணி வெளிய வரும். யாரும் புடிச்சித் தள்ளறதில்ல." அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, ஏறக்குறைய அதேதான் என்றார். உனக்குப் பெருமை தாங்கவில்லை. என் தொடையில் தட்டினாய்.

அந்தப் புகை குடித்த நாளைப் பற்றியும் நீ கேட்டாய். ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார்ந்து போவதற்குச் சீட்டு மாதிரி இடம் இருக்கிறதாம். புகையில் வரும் இன்னொரு வாயு அந்தச் சீட்டைப் பிடித்தால் லேசில் எழுந்திருக்காதாம். கும்மிடிப்பூண்டி ரயிலில் ஜன்னல் சீட்டு பிடித்தவன் மாதிரியா என்றாய். அவர் சிரித்துவிட்டார். ஆனால் உன் படத்தைப் பார்த்துச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. அந்தச் சின்னப் பைகளுக்கு நடுவில் இருக்கும் சுவர்கள் உனக்கு உடைந்துபோயிருக்கின்றன, பத்துச் சின்ன அறை ஒரே பெரிய அறையாகிவிட்டது என்றார்.

"எடம் பெருசானா நல்லதுதானே மேடம்? எங்க குவார்ட்டர்ஸ்ல ஒரு செவுரு இடிச்சாத்தான் கால நீட்டவே முடியும்."

வீட்டில் சுவருக்கு வேலை இல்லை, நுரையீரலில் வேலை செய்வதே சுவர்தான் என்றார் அவர். சுவர் குறைந்தால் மாற்றிக்கொள்ள இடம் குறைந்தது. உள்ளே போன காற்று வெளியே வராமல் தேங்கி நிற்கும். போனது வராது, வராததால் புதுசு போகாது. நீ எட்டி அந்தப் படத்தைப் பார்த்தாய். பிறகு, "அப்ப நான் ஒரு காலி ஹாலு" என்றாய்.

பீடியா, தொழிலா, எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பலா என்று கேட்டார். எல்லாந்தான் என்றாய். கம்ப்ரசரைப் பற்றியும் சொன்னாய். சொல்லும்போது என் பக்கம் திரும்பவில்லை. அதை நான் கவனிக்காமல் இல்லை, மாமு.

அப்புறம் வீட்டுக்கு, கரண்டில் ஓடி ஆக்சிஜன் கொடுக்கிற மெஷின் வந்தது. கொரோனா நேரத்தில் ஏதோ ஒரு சங்கத்தார் வாங்கி வைத்திருந்ததாம், உனக்குக் கொடுத்தார்கள். மெஷினின் நெற்றியில் ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு சின்னக் குண்டு. பக்கத்துத் திருகைத் திருப்பினால் குண்டு மேலே மிதக்கும், எத்தனை கோடு ஏறுகிறதோ அத்தனை ஆக்சிஜன். ஒன்றரைக் கோட்டில் மல்லிகா சிவப்பு நகப் பூச்சால் ஒரு இழுப்பு இழுத்து வைத்திருந்தாள். அதற்கு மேலே ஏற்றக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அன்றைக்கு அவள்தான் உன்னோடு போயிருந்தாள், நான் போகவில்லை. விரலில் மாட்டும் கிளிப்பில் தொண்ணூறுக்குப் பக்கத்தில் நின்றால் போதும், அதிகம் ஆசைப்படாதீர்கள் என்றார்களாம்.

எனக்கு அது பிடிக்கவில்லை. கொரோனாவில் நம் தெருவே சிலிண்டருக்கு அலைந்ததைப் பார்த்தவன் நான். தொண்ணூறுக்குக் கீழே போனவர்களை ஆம்புலன்சில் ஏற்றினதைப் பார்த்தவன். அந்த நாளில் நம் ஜனம் மொத்தமும் கற்றுக்கொண்டது ஒரே ஒரு பாடம்: ஆக்சிஜன் என்றால் உயிர், எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. "நூத்துக்கு நூறு குடுக்க இவங்களுக்கு இன்னா கஷ்டம்?" என்று மல்லிகாவிடம் கேட்டேன். அவள், "படிச்சவங்க சொல்றாங்க அண்ணாத்த, கோடு தாண்டக் கூடாது" என்றாள். நீ இருமலுக்கு நடுவில், "ரேஷன் கடைக்காரன் மாதிரி அளந்து ஊத்தறாங்க நைனா" என்றாய். சிரித்தோம்.

இனிமேல் சொல்லப்போவது நீ பாதி அறிந்தது, பாதி அறியாதது.

அன்று காலையில் கரண்ட் போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தது. மல்லிகா மெஷினைப் போட்டு, குண்டைக் கோட்டில் நிறுத்திவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு மீன் வாங்கக் கிளம்பினாள். பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவள் வெளியே போனால் நான்தான் உனக்குக் காவல். நீ பாத்ரூம் போனாய். திரும்பி வந்தபோது தோள் இரண்டும் காது வரை ஏறி இறங்கின. கட்டிலில் உட்கார்ந்து முட்டியில் கையை ஊன்றிக்கொண்டாய். கிளிப்பில் எண்பத்து நான்கு. வாயைத் திறந்தாய், பேச்சு வரவில்லை. கையை நீட்டி என் கைலியின் ஓரத்தைப் பிடித்து ஒரு முறை இழுத்தாய்.

ஒரே ஒரு முறை.

நான் யோசிக்கவில்லை. திருகைக் கடைசி வரைக்கும் திருப்பினேன். குண்டு சிவப்புக் கோட்டைத் தாண்டி உச்சியில் போய் முட்டியது. எண்பத்தெட்டு, தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்றேழு. "பாஸாயிட்ட மாமு" என்றேன். உன் தோள் இறங்கியது. முகத்தில் ரத்தம் ஏறி, கை சூடானது. எவ்வளவு காலம் கழித்து உன் கை சூடாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். சாய்ந்து படுத்தாய், கண்ணை மூடினாய். நீ நன்றாகத் தூங்கி எத்தனையோ நாள் ஆகியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து விசிறினேன். இத்தனை வருடம் கழித்து மறுபடியும் உனக்குக் காற்று கொடுத்தேன் என்று எனக்குப் பெருமை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்படியே வைத்திருந்தேன்.

படியில் மல்லிகாவின் குரல் கேட்டது, கீழ்வீட்டுக்காரியோடு தண்ணீர் லாரி பற்றி ஏதோ பேசிக்கொண்டு வந்தாள். நான் சட்டென்று எழுந்து திருகைத் திருப்பி, குண்டைச் சிவப்புக் கோட்டில் கொண்டுவந்து நிறுத்தினேன். ஏன் என்று நீ கேட்பாய். அவள் திட்டுவாள் என்றுதான். வேறு பெரிய காரணம் ஏதாவது கிடைக்குமா என்று எட்டு மாதம் தேடினேன், இல்லை.

நீ தூங்குகிறாயா என்று அவள் என்னிடம் கேட்டாள். நன்றாகத் தூங்குகிறான், எழுப்பாதே என்று நான் சொன்னேன். அந்த ஒரு சொல்லில் இன்னும் அரை மணி நேரம் போனது. அவள் மீனைக் கழுவி வைத்துவிட்டு வந்து உன் கன்னத்தைத் தட்டினாள். நீ எழுந்திருக்கவில்லை. தண்ணீர் தெளித்தாள். கண் பாதி திறந்து மேலே போனது. கிளிப்பில் எழுபத்து ஒன்பது.

ஆஸ்பத்திரியில் உன் மணிக்கட்டில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். முகத்தில் இறுக்கமாக ஒரு மாஸ்க்கை மாட்டி, காற்றை அழுத்தித் தள்ளுகிற மெஷினில் போட்டார்கள். டூட்டியில் இருந்த டாக்டர் வந்து, ரத்தத்தில் கரியமில வாயு நிறைந்துபோயிருக்கிறது, அதனால்தான் மயக்கம் என்றார். வீட்டில் ஆக்சிஜனைக் கூட்டினீர்களா என்று கேட்டார். குற்றம் சொல்கிற குரலில் கேட்கவில்லை. வைத்தியத்துக்குத் தெரியவேண்டும் என்றுதான் கேட்டார்.

"கரண்ட் வந்தப்ப நான்தான் திருப்புனேன் சார்" என்றாள் மல்லிகா. "என் கண்ணுக்குக் கோடு சரியா தெரியல போல. ஏத்தி வச்சிட்டேன் போல."

நான் அவள் பக்கத்தில் உன் துணிப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் நீ போய்விட்டாய்.

அப்புறம் நடந்ததை நீ பார்க்கவில்லை. காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு, மல்லிகா அடுப்பைப் பற்றவைக்கவில்லை. முதலில் துக்கம் என்று நினைத்தேன். மாதம் ஒன்றானது, இரண்டானது. காலையில் தூக்குவாளியோடு இறங்கி வந்து இட்லிக் கடையில் வாங்கிக்கொண்டு போவாள், மத்தியானம் கீழ்வீட்டுக்காரி ஏதாவது கொடுப்பாள். கீழ்வீட்டுக்காரிதான் என்னிடம் சொன்னாள். கேஸ் அடுப்பின் திருகை மல்லிகாவால் திருப்ப முடியவில்லையாம். கை வைத்தால் நடுங்குகிறதாம், எவ்வளவு திருப்புகிறோம் என்று தெரியவில்லை என்கிறாளாம். ஒரு தடவை கீழ்வீட்டுக்காரி மேலே போனபோது, மல்லிகா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து தன் வலது கையை இடது கையால் பிடித்து வைத்துக்கொண்டிருந்தாளாம்.

முப்பது பேருக்குத் தனியாக மீன்குழம்பு வைத்தவள். உனக்குத் தெரியும்.

நான் தினமும் அவளைப் பார்த்தேன். தினமும் பேசினேன். நீ போனபோது நான் பக்கத்தில் இருந்ததே ஆறுதல் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டு டீ குடித்தேன்.

போன மாதம் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதே டாக்டரம்மா. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு என்று பொய் சொல்லி, அதிகமாகக் கொடுத்தால் எப்படிக் கெடுதலாகும், கிளிப்பில் தொண்ணூற்றேழு வந்ததே என்று கேட்டேன். கிளிப் ஒரு பக்கத்தை மட்டுந்தான் பார்க்கும் என்றார். உள்ளே வந்ததைச் சொல்லும், வெளியே போகாததைச் சொல்லாது. உடம்பு புத்திசாலி, கெட்டுப்போன இடங்களுக்குப் போகும் ரத்தத்தைத் தானே குறைத்து, கொஞ்சம் நல்லதாக மிச்சமிருக்கும் இடங்களுக்குத் திருப்பிவைத்திருக்கும். ஆக்சிஜனை அள்ளிக் கொட்டினால் அந்த ஏற்பாடு குலைந்துபோகும். மீன் இறக்க ஆளே இல்லாத ஜெட்டிக்குப் படகுகளைத் திருப்பிவிட்ட கதை என்று நான் புரிந்துகொண்டேன். ரத்தம் போகும், சுமையை இறக்க முடியாமல் அப்படியே திரும்பும். கரியமில வாயு ஏற ஏற முகம் சிவக்கும், கை சூடாகும், தூக்கம் வரும். பார்க்கிறவர்களுக்கு நிம்மதியாகத் தூங்குகிற மாதிரிதான் தெரியும் என்றார். அப்படிக் கூட்டினதைச் சட்டென்று குறைத்தால் அது இன்னும் ஆபத்து என்றும் சொன்னார். ஏற்றினதும் நான், இறக்கினதும் நான்.

அந்தத் தெரிந்தவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். ரொம்ப முற்றின நோயில் எப்படியும் நாட்கள் அதிகம் இருந்திருக்காது, வீட்டில் இருப்பவர்கள் மனதில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றார். அதை நான் மல்லிகாவிடம் வந்து சொல்லியிருக்கலாம். பாதிப் பொய்யோடு சொல்லி அவள் கையை ஆற்றியிருக்கலாம். அதையும் ஒரு வாரம் யோசித்தேன்.

நீ என் கைலியை இழுத்தாயே, அது காற்றுக்குத்தானா? தலையணை கேட்டாயா, பக்கத்தில் உட்காரச் சொன்னாயா? தண்ணீரை விட்டு வந்து எத்தனையோ வருடம். எல்லா இழுப்பும் அந்த இழுப்பாகவே இருக்கவேண்டும் என்று என்ன கட்டாயம்? இதற்குப் பதில் சொல்ல நீ ஒருவன்தான் உண்டு.

போன வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டேன். மல்லிகா வாசலில் உட்கார்ந்து காரப்பொடி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள், கீழ்வீட்டுக்காரிக்குக் கொடுப்பதற்கு. நான் படியிலேயே நின்றுகொண்டு ஒன்று விடாமல் சொன்னேன். திருகைக் கூட்டியதை, மறுபடி இறக்கியதை, எழுப்பாதே என்றதை, ஆஸ்பத்திரியில் வாய் திறக்காமல் நின்றதை. அவள் கை நிற்கவில்லை. தட்டில் இருந்த மீன் முழுவதையும் ஆய்ந்து முடித்தாள். கத்தியைக் கழுவினாள். அப்புறம்தான் நிமிர்ந்தாள்.

"நான் அடுப்பத் தொடாதது உனக்குத் தெரியுமா அண்ணாத்த?"

"தெரியும்."

"எப்பத்திலேர்ந்து?"

"மூணாம் மாசத்துலேர்ந்து."

தலையை ஆட்டிக்கொண்டாள். என்னைத் திட்டுவாள் என்று நின்றேன், அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

"அவருக்கு நீ செஞ்சது தெரியாம செஞ்சது. அத நான் கேக்க மாட்டேன், அவரே கேக்க மாட்டாரு. எனக்குச் செஞ்சது தெரிஞ்சி செஞ்சது."

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உண்மையைச் சொன்னால் அவள் கை சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். திருகைத் திருப்பினது தன் கை இல்லை என்று தெரிந்தால் போதும், மறுநாளே அடுப்பு எரியும், குழம்பு வாசனை கீழே வரைக்கும் வரும் என்று. அப்படி நடக்கவில்லை, மாமு. எட்டு மாதம் நடுங்கின கைக்கு ஒரு நாளில் யாரும் சமாதானம் சொல்ல முடியாது போலிருக்கிறது. சனிக்கிழமை தூக்குவாளியோடு இறங்கி வந்தாள். ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள். டீக்கடைப் பெஞ்சில் நான் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு கம்பத்தைத் தாண்டிப் போவது போல என்னைத் தாண்டிப் போகிறாள். இன்று காலையும் போனாள்.

வேறு பக்கம் போய் டீ குடி, ஏன் அங்கேயே உட்காருகிறாய் என்று மனு எழுதுகிறவர் கேட்கிறார். அவர் நல்ல மனிதர். கேட்டுக்கொண்டே எழுதியதில் அவருக்கே முகம் வாடிவிட்டது. வயதாகிவிட்டது, கடவுளிடம் விட்டுவிடு என்கிறார். விட மாட்டேன். அவள் எட்டு மாதம் தூக்கினது என்னுடைய பாரம். அவளிடமிருந்து அதை இப்போதுதான் வாங்கியிருக்கிறேன், அதுவும் முழுசாக இல்லை, பாதி இன்னும் அவள் கையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கை நடுக்கம் நிற்கிற வரைக்கும் அந்தப் பெஞ்சில் இருப்பேன், அவள் பார்க்காமல் போவதை நான் பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்கு முன்னால் என் நாள் முடிந்தால், "தெரிஞ்சி செஞ்சது" என்று அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டுதான் உன்னிடம் வருவேன். நீ கேட்க மாட்டாய் என்று அவள் சொல்லிவிட்டாள். நான்தான் சொல்ல வேண்டியிருக்கும்.